641 மணி கொள்ளும் கிண்ணம்: ஓர் இருபது இலக்க எண்ணின் உள்ளமைப்பு

எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்காரர் ஒரு மாலை கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஓர் இருமல் மருந்தின் பெயருக்கு நேரே, ‘இருப்பு’ என்ற பத்தியில் 18446744073709551615 என்று இருந்தது.

“அலமாரில ஒரு பாட்டில்கூட இல்ல சார். இது என்ன நம்பர்னே புரியல. வைரஸ் எதாச்சும் புகுந்திருக்குமா?”

வைரஸ் எதுவும் இல்லை. இருப்பு பூஜ்யமாக இருந்த நேரத்தில் இன்னொரு பாட்டில் விற்றதாகப் பதிவாகியிருந்தது. பூஜ்யத்திலிருந்து ஒன்று போனால் −1. ஆனால் அந்த மென்பொருளை எழுதியவர் இருப்பு என்றைக்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று எண்ணி, குறை எண்களுக்கு இடமே வைக்கவில்லை. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டியை நினைத்துக்கொள்ளலாம். ஐந்து இலக்கச் சக்கரங்கள் 00000 என்று நிற்கும்போது ஒரு கிலோமீட்டர் பின்னால் சுழற்றினால் 99999 வரும். கணினியின் இந்தக் காட்டியில் 64 சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் 0, 1 என்று இரண்டே இலக்கங்கள். எல்லாம் பூஜ்யமாக இருக்கும்போது ஒன்று பின்னால் போனால் அறுபத்து நான்கும் 1 ஆகிவிடும். அதை நம் வழக்கமான முறையில் எழுதினால் திரையில் தெரிந்த அந்த எண்.

பதிவைத் திருத்திக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த எண்ணே மனத்தில் ஓடியது. பள்ளி நாளிலிருந்து எனக்கு அது பழக்கம். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களில் சேரும் மொத்த அரிசி அதுதான். எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும், அதுவரை வைத்த மொத்தம் அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டியதைவிட ஒன்று குறைவாக இருக்கும். எனவே 64 கட்டங்களின் மொத்தம் 2⁶⁴ − 1. சொல்லில் எழுதினால் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. ஆம்பல், குவளை, சங்கம், வெள்ளம் என்று பேரெண்களுக்குப் பெயர் வைத்திருந்த மொழி, இன்று கோடியோடு நின்றுகொண்டு கோடி கோடி என்று அடுக்க வேண்டியிருப்பது வருத்தந்தான்.

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் கேட்ட பரிசு என்று இந்தக் கதை பல நாடுகளில் உலவுகிறது. 13ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிக்கான் அதை எழுதிவைத்தார். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயிலில் பால்பாயசம் வழங்கும் வழக்கத்துக்கே இதைக் காரணமாகச் சொல்வார்கள். கதையைவிடக் கணக்கு எனக்கு முக்கியம். கி.பி. 1000 வாக்கில் அல்பிரூனி இந்த எண்ணை இருபது இலக்கமும் பிசகாமல் கணக்கிட்டார். அவர் ஒவ்வொரு கட்டமாக இரட்டித்துப் போகவில்லை, வர்க்கம் எடுத்தார். 2இன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, அதன் வர்க்கம் 256, பிறகு 65,536, பிறகு 4,29,49,67,296. இதை இன்னும் ஒரு முறை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴. ஆறே பெருக்கலில் பலகை முழுவதையும் கடந்தாயிற்று. இந்த வழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆயிரம் ஆண்டு கழித்து அது மறுபடி வேலைக்கு வரும்.

எண் எவ்வளவு பெரியது என்பதையும் பார்த்துவிடுவோம். வீட்டில் பொன்னி அரிசி ஆயிரம் மணி எண்ணித் தராசில் வைத்தேன்; 15 கிராம் இருந்தது. இந்தக் கணக்கில் பலகையின் முதல் பாதிக்கு, அதாவது 32 கட்டங்களுக்கு, சுமார் 64 டன் அரிசி. ஓர் அரசனுக்கு அது பொருட்டே அல்ல. சில லாரிச் சுமை. பலகை முழுவதற்கும் ஏறத்தாழ 27,670 கோடி டன். இன்றைக்கு உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி ஐம்பது கோடி டன் அளவில் இருப்பதால், ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட உலக விளைச்சல் வேண்டும்.

இந்த இடத்தில் வியந்துவிட்டுப் பெரும்பாலோர் நகர்ந்துவிடுகிறார்கள். என் வியப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பெரிய எண் வேண்டுமென்றால் கடைசியில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தால் போதும், பத்து மடங்காகிவிடும். இந்த எண்ணின் சிறப்பு அதன் பருமனில் இல்லை. அது எவற்றால் கட்டப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

எளிய சோதனைகளிலிருந்து போவோம். கடைசி இலக்கம் 5, ஆகவே 5ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87. அது 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. எனவே எண்ணும் அப்படியே. 7, 11, 13 ஆகியவற்றால் வகுபடாது. 17ஆல் வகுபடும். இந்த வேகத்தில் ஒவ்வொரு பகா எண்ணாக முயன்றால் நாள் போய்விடும். ஆனால் 64 ஒன்றுகள் என்ற அதன் இரும உருவத்தைப் பார்த்தால் வழி தானே திறக்கிறது.

பள்ளிக்கூடத்துப் பெருக்கல் ஒன்றைத் தாளில் போட்டுப் பாருங்கள். 11 × 101 = 1111. பிறகு 1111 × 10001 = 11111111. இரண்டு ஒன்றுகள் இருந்த இடத்தில் நான்கு, நான்கு இருந்த இடத்தில் எட்டு. நடுவில் போதிய பூஜ்யங்கள் வைத்த எண்ணால் பெருக்கும்போது, ஒன்றுகளின் வரிசை தன் பக்கத்திலேயே தன் நகல் ஒன்றை ஒட்டிவைத்துக்கொள்கிறது. நம் பத்தடிமான முறையில் நடக்கும் இது இரும முறையிலும் அப்படியே நடக்கும். அங்கே 11 என்பது 3, 101 என்பது 5, 10001 என்பது 17. அடுத்து வருபவை 257, 65,537, 4,29,49,67,297. ஆக,

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,29,49,67,297.

அல்பிரூனியின் வர்க்க வரிசையான 2, 4, 16, 256 முதலிய ஒவ்வொன்றோடும் 1ஐக் கூட்டினால் கிடைக்கும் எண்களே இந்த ஆறும்.

இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். பிரான்சின் துலூஸ் நகரில் நீதித்துறைப் பணியில் இருந்தபடி ஓய்வில் கணிதம் செய்த பியர் தெ ஃபெர்மா, 1640இல் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் இந்த வரிசையின் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாகச் சொன்னார். முதல் ஐந்தும் பகா எண்கள்தாம். ஆறாவதான 4,29,49,67,297? அவர் நம்பினார், நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

சுமார் தொண்ணூறு ஆண்டுகள் அந்த நம்பிக்கை யாரும் தொடாமல் கிடந்தது. 1729 டிசம்பர் 1ஆம் தேதி கிறிஸ்டியன் கோல்ட்பாக் தாம் எழுதிய ஒரு கடிதத்தின் பின்குறிப்பில், ஃபெர்மாவின் இந்தக் கூற்று தெரியுமா என்று கேட்டார். கடிதத்தைப் பெற்றவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இருபத்திரண்டு வயது லெயோன்ஹார்ட் ஆய்லர். முதலில் அவருக்கு அதில் பெரிய ஆர்வம் எழவில்லை, கோல்ட்பாக் விடவில்லை. 1732இல் ஆய்லர் விடை சொன்னார்: 4,29,49,67,297 = 641 × 67,00,417. ஃபெர்மாவின் நம்பிக்கை அந்த ஒரு வரியில் உடைந்தது.

641 எங்கிருந்து வந்தது என்பதை நம் பலகையை வைத்தே பார்த்துவிடலாம். சரியாக 641 அரிசி மணி கொள்ளும் ஒரு கிண்ணம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்து அரிசியையும் அந்தக் கிண்ணத்தால் அளந்து, முழுக் கிண்ணங்கள் போக மிஞ்சுவதை மட்டும் குறிப்போம். முதல் பத்துக் கட்டங்களில் 1, 2, 4 என்று 512 வரை கிண்ணமே நிறையாது. பதினோராம் கட்டத்தில் 1024 மணி. ஒரு கிண்ணம் போக மீதி 383. இனி அரிசியைத் தொட வேண்டியதில்லை. மீதியை இரட்டித்து, 641 நிறைந்தால் கழித்துவிட்டால் அடுத்த கட்டத்தின் மீதி வந்துவிடும். 383 இரட்டித்தால் 766, கழித்தால் 125. பிறகு 250, 500, 359, 77, 154, 308, 616, 591, 541, 441, 241, 482, 323. அடுத்ததைக் கவனியுங்கள்: 323ஐ இரட்டித்தால் 646, கழித்தால் வெறும் 5. இது 26ஆம் கட்டம். அங்கிருந்து 10, 20, 40, 80, 160, 320, 640. இந்த 640 வருவது 33ஆம் கட்டத்தில், அதாவது 2³² மணிகள் உள்ள கட்டத்தில். கிண்ணம் நிறைய ஒரே ஒரு மணி குறைகிறது. அந்த ஒரு மணியைச் சேர்த்துவிட்டால் 2³² + 1 மிச்சமின்றி அளந்துவிடும். ஆய்லரின் விடை இதுவே.

இந்த அளவையில் இன்னொரு அழகும் இருக்கிறது. முதல் கட்டத்து மீதியையும் 33ஆம் கட்டத்து மீதியையும் கூட்டினால் சரியாக ஒரு கிண்ணம். 2ஆம் கட்டமும் 34ஆம் கட்டமும் அப்படியே. 3ஆம் கட்டமும் 35ஆம் கட்டமும் அப்படியே. பலகையின் மேல்பாதியும் கீழ்பாதியும் கட்டத்துக்குக் கட்டம் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்கின்றன. பலகையில் இல்லாத 65ஆம் கட்டத்துக்குப் போனால் மீதி மறுபடி 1. சுற்று முடிந்து புதிதாகத் தொடங்குகிறது. சுற்றின் நீளம் 64. பலகையின் நீளமும் 64.

இந்தச் சுற்றின் நீளமே காரணியைத் தேடும் வழியையும் சொல்லிவிடுகிறது. கிண்ணத்தின் கொள்ளளவு ஒரு பகா எண்ணாக இருந்தால், மீதிகளின் சுற்று அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணை மீதமின்றி வகுக்க வேண்டும். இது ஃபெர்மாவின் சொந்தத் தேற்றம். அதுவும் 1640இல் எழுதியது. 33ஆம் கட்டத்தில் ஒரு மணி குறைய வைக்கும் எந்தக் கிண்ணத்துக்கும் சுற்று 64 என்பதால், கிண்ணத்தின் அளவு 64இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும். 1732 கட்டுரையில் விடையை மட்டும் தந்த ஆய்லர், இந்தக் காரணத்தைப் பிற்பாடு எழுதிய கட்டுரையில் நிறுவினார். 65, 129, 193 என்று போகும் அந்தப் பட்டியலில் 641 பத்தாவது. பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தே முயற்சி.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இதே 1640இல், இதே தேற்றத்தை வைத்து, 2³⁷ − 1 என்ற பன்னிரண்டு இலக்க எண்ணுக்கு 223 ஒரு காரணி என்று ஃபெர்மா கண்டுபிடித்திருந்தார். கருவி அவர் கையில் இருந்தது, பழக்கமும் இருந்தது. அதைத் தம் அபிமான எண்ணின் மேல் ஐந்து முறை போட்டுப் பார்த்திருந்தால் போதும். போட்டாரா, போட்டு வகுத்தலில் எங்கேனும் பிசகினாரா என்பதற்குத் தடயம் இல்லை. ஒருவர் உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்பும் கூற்றையே அவர் கடைசியாகச் சோதிக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஸெரா கோல்பர்ன் என்ற சிறுவன், 1812 வாக்கில் லண்டனில் இதே 4,29,49,67,297இன் காரணிகளை மனக்கணக்காகவே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அப்போது அவனுக்கு எட்டு வயது.

64இன் பட்டியலில் இருபத்தேழாவதாக நிற்கும் எண் 1729. ராமானுஜனின் பெயரோடு நாம் சேர்த்துச் சொல்லும் அதே எண், கோல்ட்பாக் பின்குறிப்பு எழுதிய ஆண்டின் எண். 64 × 27 என்பது 12இன் கனம் என்பதால் அது இங்கே வருகிறது. 7 × 13 × 19 என்று பிரிந்துவிடுவதால் நம் தேடலுக்கு உதவாது. இந்தச் சந்திப்புக்கு ஆழ்ந்த காரணம் எதுவும் கிடையாது. ஆனாலும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்காமல் போக எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சிய 67,00,417 பகா எண்தானா? அதன் வர்க்க மூலம் 2588ஐச் சற்றுத் தாண்டுகிறது. அதுவரை முயன்றால் போதும். 1878இல் எட்வார் லூகா என்ற பிரெஞ்சுக் கணிதர், காரணிகள் 64க்குப் பதில் 128இன் மடங்கோடு ஒன்று கூட்டியவையாகவே இருக்கும் என்று காட்டினார். அந்த வடிவத்தில் 2588க்குள் இருக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 என்ற ஐந்துதான். இவற்றில் 257 ஏற்கெனவே பலகையின் முதல் பாதியான 2³² − 1இன் காரணி. 2 மட்டுமே வித்தியாசப்படும் இரண்டு ஒற்றைப்படை எண்களுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்காது என்பதால், அது 2³² + 1 பக்கம் வர வழியில்லை. மற்ற நான்கால் வகுத்துப் பார்த்தேன். மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் பூஜ்யமில்லை. நான்கு வகுத்தலில், கால்குலேட்டர் இல்லாமலே, ஓர் ஏழு இலக்க எண் பகா எண் என்று நிரூபித்தாயிற்று.

ஆக, நம் எண் ஏழு பகா எண்களின் பெருக்கல்: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. எனவே 1ஐயும் எண்ணையும் சேர்த்து அதன் வகுத்திகள் 128.

641ஆல் உடைந்த ஆறாவது எண்ணை ஒதுக்கிவிட்டு முதல் ஐந்தைப் பார்த்தால் கதை வடிவியலுக்குத் திரும்புகிறது. 1796 மார்ச் 30ஆம் தேதி, பத்தொன்பது வயதுகூட நிறையாத கார்ல் ஃப்ரீட்ரிஷ் காஸ், பதினேழு பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று கண்டார். கிரேக்கர் காலத்துக்குப் பிறகு இத்துறையில் ஏற்பட்ட முதல் முன்னேற்றம் அது. 1801இல் வெளிவந்த தம் நூலில், ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணம் ஒன்றை வரைய, அதன் பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் போதும் என்று காட்டினார். இந்த நிபந்தனை இல்லாமல் வரையவே முடியாது என்ற மறுபாதியை 1837இல் பியர் வான்ட்ஸெல் நிறுவினார். ஃபெர்மா பகா எண்கள் என்று இன்றுவரை தெரிந்தவை அந்த ஐந்து மட்டுமே. அவற்றிலிருந்து ஒன்றோ பலவோ எடுத்துப் பெருக்கினால் 31 எண்கள் கிடைக்கும். மிகச் சிறியது முக்கோணத்தின் 3. மிகப் பெரியது ஐந்தையும் பெருக்கிய 4,29,49,67,295, அதாவது சதுரங்கப் பலகையின் முதல் பாதியில் விழுந்த மொத்த அரிசி.

அந்த எண்ணுக்குள் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. 4,29,49,67,295ஐவிடச் சிறிய எண்களில் அதனோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்று எண்ணினால் 2 × 4 × 16 × 256 × 65,536 வரும். அது சரியாக 2³¹. 32ஆம் கட்டத்தில் மட்டும் வைத்த அரிசி. கவராயத்தால் வரைய முடிவதற்கான அடிப்படைக் காரணமும் இதுதான். அந்த எண்ணிக்கை 2இன் அடுக்காக இருந்தால், பலகோணத்தை வர்க்க மூலங்கள் வழியாகவே எட்டிவிடலாம். வர்க்க மூலத்தை எடுப்பது கவராயத்துக்குத் தெரிந்த வேலை.

முடியும் என்று தெரிந்தபின் செய்து பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். 257 பக்கப் பலகோணத்தின் கட்டுமானத்தை 1832இல் ரிஷெலோட் வெளியிட்டார். 65,537 பக்கத்துக்கு யோஹான் ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் சுமார் பத்தாண்டு உழைத்தார்; அதைப் பற்றி 1894இல் வெளியிட்டார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் இருக்கிறது. அத்தனை பக்கங்கள் உள்ள உருவத்தைத் தாளில் வரைந்தால் கண்ணுக்கு அது வட்டம்தான். யாருக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த உழைப்பை வீண் என்று சொல்ல என்னால் முடியாது.

பதினொன்றாம் வகுப்பில் படித்த பாஸ்கல் முக்கோணத்திலும் இந்த எண் அமர்ந்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 என்று எழுதி, வரியை இரும எண்ணாகப் படியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முதல் 1ஐத் தள்ளிவிட்டால், 32ஆம் வரி வரை கிடைப்பவை காஸின் அந்த 31 பலகோண எண்கள் மட்டுமே, சிறியதிலிருந்து பெரியது என்ற வரிசையிலேயே. 64ஆம் வரியில் எல்லா எண்களும் ஒற்றைப்படை. அங்கே 64 ஒன்றுகள் இடைவெளியின்றி நிற்கும்.

லூகாவின் பெயர் இந்த எண்ணோடு இன்னொரு வகையிலும் சேர்ந்திருக்கிறது. 1883இல் அவர் ‘ஹனோய் கோபுரம்’ என்ற விளையாட்டைப் புனைபெயரில் வெளியிட்டார். காசியில் ஒரு கோயிலில் 64 பொன் வட்டுகளை மூன்று ஊசிகளுக்கிடையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்ற கற்பனைக் கதையும் அதோடு சேர்ந்தது. மாற்றி முடிக்கத் தேவையான நகர்த்தல்கள் இதே 2⁶⁴ − 1. விநாடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,450 கோடி ஆண்டுகள். அண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்தாம்.

ஆய்லரின் காரணிகள் இன்று அன்றாட வேலையிலும் இருக்கின்றன. கணினி விளையாட்டு முதல் அறிவியல் கணக்கீடு வரை எங்கும் சமவாய்ப்பு எண்கள் தேவைப்படுகின்றன. 2003இல் ஜார்ஜ் மர்சாலியா அதற்கு மிக எளிய ஒரு முறையை வெளியிட்டார். 64 பிட்களை எடுத்துக்கொண்டு, அவற்றை இடப்பக்கம் 13 இடம் தள்ளி, பழையதோடு பிட்டுக்குப் பிட் ஒப்பிட வேண்டும். வேறுபடும் இடத்தில் 1, ஒத்திருக்கும் இடத்தில் 0. பிறகு வலப்பக்கம் 7, மறுபடி இடப்பக்கம் 17. மூன்று அடி முடிந்தால் ஒரு புதிய எண். 13, 7, 17 என்ற இந்தத் தெரிவுக்கு, பூஜ்யம் தவிர்த்த எந்த நிலையிலிருந்து தொடங்கினாலும் மீதமுள்ள எல்லா நிலைகளையும் ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் அது தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். அந்த நிலைகளின் எண்ணிக்கை 2⁶⁴ − 1.

இதை எப்படிச் சரிபார்ப்பது? ஓட்டிப் பார்த்தால், விநாடிக்கு நூறு கோடி அடி வைத்தாலும் 584 ஆண்டுகள் ஆகும். கிண்ணத்தின் சுற்றில் பார்த்த நியாயமே இங்கே வழி காட்டுகிறது. முழு எண்ணிக்கையும் நடந்தபின் தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டால், உண்மையான சுற்றின் நீளம் அந்த எண்ணிக்கையின் வகுத்தியாகத்தான் இருக்கும். சிறிய வகுத்தி எதுவும் அல்ல என்று காட்ட, முழு எண்ணிக்கையை ஏழு பகா காரணிகளால் தனித்தனியே வகுத்து, அந்த ஏழு தொலைவுகளிலும் அது திரும்பவில்லை என்று பார்த்தால் போதும். மொத்தம் எட்டுச் சோதனை. ஒவ்வொரு தொலைவையும் அடி அடியாக நடக்க வேண்டியதில்லை. ஓர் அடி செய்யும் மாற்றத்தைக் குறிக்கும் அணியை (matrix) வர்க்கப்படுத்தினால் இரண்டு அடி, மறுபடி வர்க்கப்படுத்தினால் நான்கு, பிறகு எட்டு. அல்பிரூனி பலகையைத் தாண்டிய அதே பாய்ச்சல். கணினி அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிக்கும். ஆனால் 641 தெரியாமல் அந்தச் சோதனையைத் தொடங்கவே முடியாது.

நம் எண்ணோடு இரண்டைக் கூட்டினால் 18446744073709551617. ஏழாவது ஃபெர்மா எண். பார்வைக்குக் கடைசி இலக்கம் ஒன்றுதான் மாறியிருக்கிறது, உள்ளே ஓர் உறவும் கிடையாது. நம் எண்ணின் ஏழு பகா காரணிகளில் ஒன்றுகூட இதற்குள் வர முடியாது. வந்தால் வித்தியாசமான 2ஐயும் அது வகுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் முன்பு வராத புதிய பகா எண்ணைக் கொண்டுவந்தே தீரும். வரிசைக்கு முடிவில்லை, எனவே பகா எண்களுக்கும் முடிவில்லை. கோல்ட்பாக் 1730இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்த வாதம் இருக்கிறது.

அந்த ஏழாவது எண்ணை உடைப்பது எளிதாக இல்லை. 1855இல் தாமஸ் கிளாவ்சென் காஸுக்கு எழுதிய கடிதத்தில் விடை இருந்தது. யாருக்கும் தெரியாமல் கிடந்தது. 1880இல் எண்பதைக் கடந்த வயதில் ஃபோர்துனே லாந்த்ரி தாமாகவே அதைக் கண்டார்: 2,74,177 × 6,72,80,42,13,10,721. இதை நம் எண்ணோடு பெருக்கினால் 2¹²⁸ − 1, ஒன்பது பகா எண்கள். இப்படியே ஒவ்வொரு படியிலும் ஒரு புதிய ஃபெர்மா எண்ணை உடைத்தால் ஒன்றுகளின் வரிசை இரட்டிக்கும். எட்டாவது 1970இல் உடைந்தது, ஒன்பதாவது 1980இல், பத்தாவது 1990இல். பன்னிரண்டாவது 1988இலேயே முடிந்துவிட, பதினொன்றாவது 1995வரை காக்க வைத்தது. இரண்டையும் முடித்தவர் ரிச்சர்ட் ப்ரென்ட். ஆக, 4096 ஒன்றுகள் கொண்ட எண்வரை முழுக் காரணிகளும் நம்மிடம் இருக்கின்றன.

8192 ஒன்றுகளுக்குப் போகப் பதின்மூன்றாவது எண் உடைய வேண்டும். அதில் 1234 இலக்கங்கள். 1,14,689 என்ற அதன் சிறிய காரணியை 1877 வாக்கிலேயே கண்டுவிட்டார்கள். இதுவரை ஆறு பகா காரணிகள் கிடைத்திருக்கின்றன. அந்த ஆறையும் எடுத்தபின் மிஞ்சுவது 1133 இலக்க எண். அது பகா எண் அல்ல என்பது சோதனையில் உறுதியாகிவிட்டது. அது எவ்வெவற்றின் பெருக்கல் என்பதை எந்தக் கணினியும் இன்னும் சொல்லவில்லை.